போர்ட்போலியோ காட்டினாத்தான் பாஸ்னு வச்சா நம்ம மலையகப் புள்ளைங்களுக்கு நல்லதா?

நீங்க கேட்டிருக்கிறது மேலால பாத்தா ஒரு வெளிநாட்டு முறையப் பத்தின கேள்வி. அமெரிக்காவுல சில ஹைஸ்கூல்ல பெரிய பரீட்சைக்குப் பதிலா, புள்ளை வருசக்கணக்கா செஞ்ச வேலைய போர்ட்போலியோன்னு ஒரு பைலா சேத்து ஒரு குழு முன்னால வச்சு விளக்கினாத்தான் படிப்பு முடிச்ச சேர்ட்டிபிகேட் குடுக்குறாங்களாமே, அத தரம் 11 முடிவுல எழுதுற நம்ம ஓ.எல் பரீட்சைக்கு கொண்டு வந்தா மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்துப் புள்ளைங்களுக்கு நல்லதான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, மகள் தரம் 10, வீட்டுல கேட்டா எல்லாம் சொல்லுவா, பேப்பரக் கண்டா கை நடுங்கி பாதிய வெறுமையா வச்சிட்டு வந்துடுவான்னு. உங்க உண்மையான கேள்வி அதுதான்னு நெனைக்கிறேன். என் புள்ளைக்குத் தெரிஞ்சத பரீட்சைப் பேப்பர் காட்ட மாட்டேங்குது, வேற ஏதாவது காட்டுமா, அப்படிக் காட்டினா அத நாலு பேர் நம்புவாங்களா. நான் இதுக்குத்தான் பதில் சொல்லப் பாக்குறேன்.

மொதல்ல என்னப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், எத நம்பணும் எதத் தள்ளணும்னு நீங்களே பாத்துக்கலாம். 31 வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சேன், அதுல கடைசி 9 வருசம் ஆசிரிய ஆலோசகரா ஸ்கூல் ஸ்கூலா ஏறி எறங்கினேன், எல்லாம் நுவரெலியா, பதுளை ரெண்டு மாவட்டத்துக்குள்ளதான். அமெரிக்கா, கனடா விசயமெல்லாம் நான் வாசிச்சதும் செயலமர்வுல மத்த ஆசிரியர்களுக்குச் சொன்னதும், நேர்ல போய்ப் பாத்ததில்ல. நம்ம பக்கத்து விசயம் மட்டும் கையால செஞ்சு பாத்தது, அதுவும் ஒரே ஒரு ஸ்கூல்ல மூணு வருசம்.

இந்த முறைக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் நியூயோர்க்ல ஈஸ்ட் ஹார்லெம்ங்கிற இடத்துல 1985ல டெபோரா மையர்ங்கிற ஆசிரியை ஆரம்பிச்ச சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் செகண்டரி ஸ்கூல். அது பணக்காரங்க ஸ்கூல் இல்ல, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்து வசதியில்லாத புள்ளைங்க படிச்ச எடம், அதனாலதான் நம்ம ஆளுங்க அதக் கொஞ்சம் உத்துப் பாக்கணும்னு நான் சொல்லுவேன். அங்க படிப்ப முடிக்க 14 போர்ட்போலியோ வேணும். கணிதம், விஞ்ஞானம், இலக்கியம், வரலாறு மட்டுமில்ல, தன்னோட வாழ்க்கைக் கதை, சமூக சேவை, செய்முறை வேலை, ஸ்கூல் முடிச்சதும் என்ன செய்யப் போறேங்கிற திட்டம் வரைக்கும் அதுல அடக்கம். அதுல 7ஐ ஒரு குழு முன்னால உக்காந்து விளக்கணும். குழுவுல ஆசிரியர்கள் இருப்பாங்க, புள்ளை தானே தெரிஞ்செடுத்த ஒரு பெரியவர் இருப்பார், இன்னொரு மாணவரும் இருப்பார். அவங்க கேக்குற கேள்வியெல்லாம் அஞ்சே அஞ்சு வகைதான்: நீ சொல்றது உண்மைன்னு எப்படித் தெரியும், இத யார் எந்தப் பக்கம் நின்னு சொல்றாங்க, இதுக்கும் வேற விசயத்துக்கும் என்ன தொடர்பு, வேற மாதிரி நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும், இதனால யாருக்கு என்ன. வேலை பத்தலேன்னா போய் திருத்திட்டு மறுபடி வான்னு அனுப்புவாங்க, ஒரே நாள்ல தலையெழுத்து முடியாது. ஆனா இது நடந்தது சில நூறு புள்ளைங்க மட்டும் படிச்ச சின்ன ஸ்கூல்ல, 15 புள்ளைக்கு ஒரு ஆசிரியர் பொறுப்புன்னு வச்சுக்கிட்டு. இந்த 15ங்கிற நம்பர மனசுல வச்சுக்கங்க, பின்னால வரும். அதுக்குப் பின்னால நியூயோர்க் மாநிலத்துல இந்த மாதிரி ஸ்கூல்கள் ஒண்ணா சேந்து, ரீஜெண்ட்ஸ்னு சொல்ற மாநிலப் பரீட்சையில இங்கிலிஷ் தவிர மத்ததுக்கு விலக்கு வாங்கி, ஒரு இலக்கியக் கட்டுரை, ஒரு சமூகக்கல்வி ஆய்வு, ஒரு விஞ்ஞானப் பரிசோதனை, ஒரு கணிதப் பிரச்சினைன்னு நாலு வேலைய வச்சே புள்ளைங்கள வெளிய அனுப்புறாங்க. அதனால இது நடக்காத கனவு இல்ல, நல்லா நடந்த எடம் இருக்கு.

சறுக்கின எடமும் இருக்கு, அதையும் அதே அளவு சத்தமா சொல்லணும். வெர்மொன்ட் மாநிலம் 1990கள் ஆரம்பத்துல 4ஆம், 8ஆம் வகுப்புப் புள்ளைங்களோட எழுத்து, கணிதம் ரெண்டுக்கும் மாநிலம் முழுக்க போர்ட்போலியோ வச்சுது. அத டானியல் கொரெட்ஸ்ங்கிற ஆய்வாளர் தலைமையில ராண்ட்ங்கிற ஆராய்ச்சி நிறுவனம் ஆராஞ்சு பாத்தப்போ, ஒரே பைல ரெண்டு ஆசிரியர்கிட்ட குடுத்தா ரெண்டு பேரும் போடுற புள்ளி ஒத்துப் போகவே இல்ல, அதுவும் மொத வருசம் ரொம்ப மோசம். கணிதத்துல பின்னால கொஞ்சம் சரியாச்சு. கென்டக்கியில 1990 சட்டத்தோட எழுத்து போர்ட்போலியோ வந்துச்சு, அந்தப் புள்ளிய வச்சு ஸ்கூலயே அளந்தாங்க, ஸ்கூலோட பேர் அதுல தொங்குதுன்னா என்ன ஆகும், ஆசிரியர்களும் புள்ளைங்களும் படிப்ப விட்டுட்டு பைல மினுக்கிறதுலயே நேரத்தப் போட்டாங்கன்னு முறைப்பாடு கெளம்பி, 2009ல அத ஸ்கூல அளக்குற கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா 2004ல கிராஜுவேசனுக்கு வேண்டிய 80 கிரெடிட்ல 4ஐ போர்ட்போலியோவுக்கு ஒதுக்குச்சு, கொஞ்ச வருசத்துலயே அதக் கைவிட்டு சின்னதா வேற ஒண்ணு வச்சாங்க. இந்த மூணுலயும் நான் கவனிச்சது, சின்ன ஸ்கூல் தானா விரும்பிச் செஞ்சப்போ நின்ன விசயம், மேலருந்து சுற்றறிக்கையா எறங்கினப்போ ஆட்டம் கண்டுடுச்சு. இது நிரூபிச்ச உண்மைன்னு சொல்ல மாட்டேன், என் வாசிப்பு.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். நமக்கு இது புதுசே இல்லீங்க. பாடசாலை மட்டக் கணிப்பீடுன்னு ஒண்ணு எத்தன வருசமா இருக்கு, ஒப்படைன்னு சொல்ற அசைன்மென்ட், குழு வேலை, கண்காட்சின்னு எல்லாத்துக்கும் புள்ளி போட்டு அனுப்பணும், அடுத்து வர்ற ஏ.எல்லுக்கும் தனிச் செயற்றிட்டம், குழுச் செயற்றிட்டம்னு வேற இருந்துச்சு. யோசனையில ஒரு பிழையும் இல்ல. நடந்தது என்னன்னு எந்த ஆசிரியரக் கேட்டாலும் சொல்லுவாங்க: தவணை முடியிற கடைசி வாரத்துல ஸ்டாப் ரூம்ல உக்காந்து நாப்பது பேருக்கும் ஆறு, ஏழு, எட்டுன்னு நெரப்புவோம். நானும் நெரப்பியிருக்கேன், சொல்ல வெக்கமா இருந்தாலும் உண்மைய சொல்றேன். அந்தப் புள்ளி ஓ.எல் ரிசல்ட்டோட கூட்டப்படுறதில்ல, அதனால யாருக்கும் அதுல அக்கறை இல்ல. புள்ளைங்க பக்கம் பாத்தா ஒப்படைன்னா பஸ் ஸ்டாண்ட் கிட்ட இருக்கிற கொமினிகேசன் கடையில போய் மூலிகைப் படம், சுற்றாடல் படம்னு பிரிண்ட் எடுத்து ஒட்டுறது. ஒரு தடவ ஒரு வகுப்புல பதினொரு பைல்ல ஒரே துளசிச் செடிப் போட்டோ, ஒரே எழுத்துப் பிழையோட இருந்துச்சு. புள்ளைங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், நாங்க எதுக்குப் புள்ளி போட்டோமோ அதத்தான் அவங்க செஞ்சாங்க, அழகா ஒட்டின பைலுக்கு எட்டு, ஒட்டாததுக்கு அஞ்சு.

அதுக்கப்புறம்தான் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல ரெண்டு ஆசிரியர்களோட சேந்து தரம் 10க்கு இத ஒழுங்கா செஞ்சு பாக்கணும்னு எறங்கினோம். மொத வருசம் 22 பைல். நானும் இன்னொரு ஆசிரியரும் தனித்தனியா புள்ளி போட்டு பொறகு பக்கத்துல வச்சுப் பாத்தா, அவர் 80 போட்ட பைலுக்கு நான் 55 போட்டிருக்கேன், நான் தூக்கி வச்ச பைல அவர் கீழ போட்டிருக்கார். வெர்மொன்ட்ல நடந்தது அப்படியே நம்ம மேசையில. அவர் சுத்தம், முழுமை, கையெழுத்து பாத்தார், நான் புள்ளை சொந்தமா யோசிச்சிருக்கான்னு பாத்தேன், ரெண்டு பேரும் எத அளக்குறோம்னு முன்னாடியே பேசிக்கவே இல்ல. ரெண்டாவது வருசம் மொத அஞ்சு பைல ஒண்ணா உக்காந்து சத்தமா வாசிச்சு, இதுக்கு ஏன் இந்தப் புள்ளின்னு சண்டை போட்டு, நியதிகள நம்ம வார்த்தையில எழுதி வச்சுக்கிட்டு மத்தத திருத்தினோம். இடைவெளி நல்லாவே கொறைஞ்சுது. இதுக்கு ரெண்டு சனிக்கெழம முழுசா போச்சு, 22 புள்ளைக்கே.

ரெண்டாவது வருசம்தான் அந்தப் புள்ளையோட வேலை வந்துச்சு, இத நான் எந்தச் செயலமர்வுலயும் சொல்லாம விட்டதில்ல. கணிதத்துல முப்பதுக்கு மேல தாண்டாத ஒரு பொம்பளப் புள்ளை. பைல்ல ரெண்டே தாள், கோடு போட்ட கொப்பியில கிழிச்சது, கையெழுத்து சுமார், ஒரு எடத்துல தேத்தண்ணிக் கறை. வெறும் பைலா பாத்திருந்தா நானே பத்துக்கு நாலுதான் போட்டிருப்பேன். ஆனா அந்த வருசம் எல்லாரும் வந்து பத்து நிமிசம் பேசணும்னு வச்சிருந்தோம், அவங்க அம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். அவ எழுதியிருந்தது என்னன்னா, மூணு மாசமா ஒவ்வொரு நாளும் அம்மா எத்தன கிலோ கொழுந்து எடுத்தாங்க, தராசுல எத்தன கிலோ கழிச்சாங்க, அன்னிக்கு மழையா வெயிலா, எந்த மலையில வேலை. மழை நாள்ல எலை நனைஞ்சு பாரம் கூடும், அதுக்குக் கழிக்கிறது நியாயம்தான், ஆனா வெயில் நாள்லயும் அதே அளவு ஏன் கழியுதுன்னு அவ கேட்டா. சராசரி எப்படிக் கண்டேன்னு சொன்னா, ஏன் ஞாயித்துக்கெழமைய விட்டேன்னு சொன்னா, கடைசி மலையில கொழுந்து ஏன் கொறைவு, தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டி எத்தன மாசம்னு சொன்னா. குழுவுல இருந்த ஒருத்தர், உன் கணக்கு பிழையா இருக்கலாமேன்னு கேட்டார். அவ கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, இருக்கலாம் சேர், அம்மா சொன்னத வச்சுத்தான் எழுதினேன், தராசுல நிறுத்துக் குடுக்குற துண்டு பாத்து எழுதினது கடைசி ஒரு மாசம் மட்டுந்தான்னு சொன்னா. தன்னோட தரவு எங்க பலவீனம்னு ஒரு புள்ளை தானா சொல்றது, பட்டதாரிங்ககிட்டயே அபூர்வமா பாக்குற விசயம். அவங்க அம்மா பின் வாங்குல உக்காந்து முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க.

அதனால என் அனுபவத்துல நான் உறுதியா சொல்ற ஒண்ணு இதுதான்: பைல் தனியா ஒண்ணையும் காட்டாது, பைல கையில வச்சுக்கிட்டு புள்ளை பேசுற பேச்சுதான் காட்டும். இப்ப போன்ல சாட்ஜிபிடி வேற வந்துடுச்சு, அழகான ஒப்படை அஞ்சு நிமிசத்துல தமிழ்லயே வந்து விழுது, இனி பேச்சு இல்லாத போர்ட்போலியோவுக்கு நான் ஒரு மதிப்பும் குடுக்க மாட்டேன். காசு குடுத்து செய்விச்ச பைலா, அண்ணன் செஞ்ச பைலா, போன் செஞ்ச பைலான்னு ரெண்டு கேள்வியில தெரிஞ்சுடும்.

இனி இதக் கட்டாயமாக்கலாமாங்கிற கேள்வி. இப்ப இருக்கிற நெலமையில ஓ.எல்லுக்கு இத வாசல்ல நிக்கிற கதவா வைக்கக் கூடாதுங்கிறது என்னோட அபிப்பிராயம். காரணம் புள்ளைங்க இல்ல. சென்ட்ரல் பார்க்ல 15 புள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு சொன்னேன்ல, நம்ம பக்கம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரே இல்லாம தொண்டர் ஆசிரியர வச்சு ஓட்டுற ஸ்கூல் எத்தன. ஹட்டன் டவுன்ல ஒரு பெரிய ஸ்கூல் புள்ளைக்கு லைப்ரரி, கம்பியூட்டர் ரூம், வீட்டுல கேட்டா சொல்லிக்குடுக்க ஆள், டியூசன் சேர் எல்லாம் இருக்கும். தோட்டத்து மேல்டிவிசன்ல பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவுல ஆறு பேரோட இருக்கிற புள்ளைக்கு பைல வைக்கிறதுக்கே எடம் இல்ல, கூரை ஒழுகுனா மொத நனையிறது அட்டாலுல, அதாவது பரண்ல, இருக்கிற கொப்பிதான். கலர் பிரிண்ட் ஒண்ணுக்கு குடுக்குற காசு அந்த வீட்டுல சாயந்தரம் ரொட்டி மா. பரீட்சையில இருக்கிற ஒரே பெரிய நியாயம், மண்டபத்துக்குள்ள போனா கொழும்புப் புள்ளையும் கொட்டகலைப் புள்ளையும் ஒரே பேப்பர் ஒரே பேனா. அத லேசா தூக்கிப் போடக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மண் சரிஞ்சப்போ ஏ.எல் பரீட்சைய நிப்பாட்டி பின்னால வச்சாங்க, புள்ளைங்க வந்து எழுதினாங்க. ரெண்டு வருசம் சேத்த பைல் மண்ணுக்குள்ள போயிருந்தா அத எந்தத் தேதியில மறுபடி வைக்கிறது?

அப்படின்னா வேணாம்னு மூடி வைக்கவும் நான் சொல்லல. கதவா வைக்காம, பரீட்சைக்குப் பக்கத்துல ஒரு சாட்சியா வைக்கலாம். பைல் ஸ்கூல் அலுமாரியிலதான் இருக்கணும், வேலை வகுப்பு நேரத்துலதான் நடக்கணும், வீட்டுக்குக் குடுத்து அனுப்பின ஒப்படை எதுவும் அதுல சேரக் கூடாது, பிரிண்ட்டுக்கும் அட்டைக்கும் புள்ளி கெடையாது, வருசத்துக்கு ரெண்டே ரெண்டு வேலை போதும் 14 வேணாம், வருசக் கடைசியில பெத்தவங்க முன்னால பத்து நிமிசம் தமிழ்ல பேச்சு, பக்கத்து ஸ்கூல் ஆசிரியர் ஒருத்தர் குழுவுல. பெத்தவங்க வரணும்னா அன்னிக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், போயிடும், அதனால ஞாயித்துக்கெழம வைங்க, நாங்க பிழை விட்டு படிச்சுக்கிட்டது இது, பேச்சு வச்ச மொத வருசம் வெள்ளிக்கெழம வச்சு நாலு அம்மாமார்தான் வந்தாங்க.

இன்னொன்னு பெத்தவங்களுக்குத் தெரியணும், ஏன்னா நெறைய பேருக்கு இது எட்டவே இல்ல. ஓ.எல் ரிசல்ட் எப்படி இருந்தாலும் 2017ல ஆரம்பிச்ச 13 வருட உத்தரவாதக் கல்வியில தொழில் பாடத்துக்குச் சேரலாம், அது இருக்கிற ஸ்கூல் எதுன்னு வலயக் கல்வி அலுவலகத்துல கேட்டா சொல்லுவாங்க. என்.வி.கியூன்னு சொல்ற தேசியத் தொழில் தகைமை இருக்கே, அது நான் மேல சொன்னதுக்கு ரொம்ப கிட்ட வர்ற விசயம், உனக்கு என்ன செய்யத் தெரியும்னு செஞ்சு காட்டச் சொல்லி, கேள்வி கேட்டு, சான்றுகளப் பாத்து மட்டம் குடுக்குறாங்க. பரீட்சை ஒண்ணும் பாஸ் பண்ணாம கராஜ்ல பத்து வருசம் வேலை செஞ்சவர்கூட முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில போய் தன் வேலையக் காட்டி சேர்ட்டிபிகேட் எடுக்கலாம். போர்ட்போலியோவுக்கு நம்ம நாட்டுல சட்டப்படி மதிப்பு இருக்கிற எடம் எதுன்னு கேட்டா நான் மொதல்ல காட்டுறது இந்த எடத்தத்தான்.

கடைசியா உங்க மகள். அவ தரம் 10, அடுத்த வருசம் ஓ.எல் எழுதித்தான் ஆகணும், எந்தச் சீர்திருத்தமும் அதுக்குள்ள வந்து அவளக் காப்பாத்தாது, அதனால வெளிப்படையா பேசுறேன் சகோதரி. வாயால சொல்றா, கையால எழுத முடியலேன்னா அவளுக்குப் பாடம் தெரியாததில்ல, நேரம் போட்டு எழுதிப் பழகாதது ஒரு காரணமா இருக்கலாம், பயம் இன்னொரு காரணமா இருக்கலாம், எது எவ்வளவுன்னு பாக்காம நான் சொல்ல முடியாது, கை நடுக்கம் வீட்டுலயும் வருதுன்னா டொக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. வகுப்பாசிரியர்கிட்ட தனியா போய் இத சொல்லுங்க, நீங்க சொல்லாம அவங்களுக்குத் தெரியாது, வெறும் பேப்பரப் பாத்து படிக்காத புள்ளைன்னு முடிவு கட்டியிருப்பாங்க. வீட்டுல ஒரு கொப்பி போடுங்க. ராவுல சாப்பிட்டுட்டு பழைய பேப்பர்ல ஒரே ஒரு கேள்வி, மொத அவ உங்ககிட்ட வாயால பதில் சொல்லட்டும், உங்களுக்குப் பாடம் புரியணும்னு இல்ல, ஏன் அப்படின்னு மட்டும் கேளுங்க. சொல்லி முடிச்ச கையோட அதே பதில பத்து நிமிசத்துல எழுதட்டும், தேதி போட்டு வைக்கட்டும், அடிச்சு வெட்டினது இருந்தா அப்படியே இருக்கட்டும், புதுசா அழகா எழுத வைக்காதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு மொதப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு அவளையே பாக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்தக் கொப்பிய எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா டீச்சரப் போய்ப் பாருங்க, என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.